823 ஆண்டுக்கு ஒருமுறை வரும் மே மாதம்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு உங்கள் இணைப்பின் கடைசிப் பக்கத்தில், சமையல் குறிப்புக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். 2026 மே மாதத்தில் ஐந்து வெள்ளி, ஐந்து சனி, ஐந்து ஞாயிறு வருகிறதாம், 823 ஆண்டுக்கு ஒருமுறைதான் இப்படி நடக்குமாம், சீனர்கள் இதைப் பணப்பை என்பார்களாம். அதற்கு மூன்று நாள் முன்பே இதே வாசகம், எழுத்துப்பிழை உட்பட, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. நாலு பேருக்கு அனுப்பினால் நாலு நாளில் பணம் வரும் என்ற வரியை மட்டும் நீங்கள் வெட்டியிருந்தீர்கள், அதற்கு நன்றி.

நான் சிவகாசிக்காரன். 34 வருஷம் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் புரூஃப் பார்த்தவன். மற்ற தப்பு எதுவாக இருந்தாலும் பக்கத்தைத் திருப்பிவிட்டுப் போயிருப்பேன், காலண்டரிலேயே கை வைத்தால் எப்படி சும்மா இருக்க முடியும், சொல்லுங்கள்.

விஷயம் ரொம்பச் சின்னது. 31 நாள் உள்ள மாதம் என்றால் நாலு முழு வாரம், அதற்கு மேல் மூன்று நாள். ஆக அந்த மாதம் எந்தக் கிழமையில் பிறக்கிறதோ அதுவும் அடுத்த இரண்டு கிழமையும் ஐந்து முறை வந்தே தீரும். மே 1 வெள்ளிக்கிழமை, அதனால் வெள்ளி, சனி, ஞாயிறு. அவ்வளவுதான். வருஷத்தில் ஏழு மாதங்களுக்கு 31 நாள், அதில் ஏதாவது ஒன்று வெள்ளியில் பிறப்பது கிட்டத்தட்ட வருஷா வருஷம் நடப்பது. போன ஆகஸ்ட் அப்படித்தான் இருந்தது. அதற்கு முன் 2024 மார்ச், 2023 டிசம்பர், 2022 ஜூலை. 2021இல் ஜனவரி, அக்டோபர் என்று இரண்டு தடவை. 2018இல் மட்டும் ஒன்றுகூட இல்லை, அதிசயம் என்று போட வேண்டுமானால் அதைத்தான் போட்டிருக்க வேண்டும்!

பிப்ரவரியிலும் இப்படி ஒன்று சுற்றியது. "இந்தப் பிப்ரவரியில் எல்லாக் கிழமையும் சரியாக நாலு முறை, 823 ஆண்டுக்கு ஒருமுறை." 28ஐ ஏழால் வகுத்தால் நாலு. லீப் வருஷம் தவிர எல்லாப் பிப்ரவரியும் அப்படித்தான் ஐயா. 2026 பிப்ரவரியில் உண்மையாகவே ரசிக்க ஒன்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பிறந்து சனிக்கிழமை முடிந்ததால் மாதக் காலண்டரில் மேலும் கீழும் காலிக் கட்டமே இல்லாமல் நாலு வரிசையில் அச்சடித்த பிஸ்கட் மாதிரி உட்கார்ந்திருந்தது. 2015இல் அப்படி வந்தது, இனி 2037இல் வரும். அதை யாரும் ஃபார்வர்ட் செய்யவில்லை.

எங்கள் பிரஸ்ஸில் ஃபோர்மேன் ஒருவர் இருந்தார், அந்தக் காலத்து எட்டாம் வகுப்பு. அவரிடம் அழுக்கேறிய ஒரு நோட்டு உண்டு, அதில் 14 பக்கம்தான். ஜனவரி 1 ஞாயிறு முதல் சனி வரை ஏழு விதமாகப் பிறக்கலாம், சாதாரண வருஷத்துக்கு ஏழு, லீப் வருஷத்துக்கு ஏழு, ஆகப் பதினாலு. உலகத்தில் இங்கிலீஷ் காலண்டரே அவ்வளவுதான்டா என்பார். எந்த வருஷத்தைச் சொன்னாலும் பக்கத்தைப் புரட்டிக் காட்டிவிடுவார். 2026க்கு 2015இன் பக்கம், 2009இன் பக்கமும் அதுதான். 2024க்கு 1996க்குப் போக வேண்டும், லீப் வருஷம் என்பதால் 28 வருஷம் பின்னால். கிழமை பார்த்து வரும் ராகு காலம்கூட அப்படியே பொருந்தும். திதியும் நட்சத்திரமும் பண்டிகையும்தான் ஒத்துழைக்காது, இல்லையென்றால் எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு வேலை இருந்திருக்காது. அதிலும் ஒரு வேடிக்கை உண்டு, 19 வருஷத்துக்கு ஒருமுறை அமாவாசை பௌர்ணமி எல்லாம் ஏறக்குறைய அதே தேதிக்கு வந்து நிற்கும். 2005இல் நம் தீபாவளி நவம்பர் 1. 2024இல் அக்டோபர் 31.

823 என்ற எண் எங்கிருந்து முளைத்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அது ஏன் நடக்கவே முடியாதது என்பதை உங்கள் வாசகர் யாரும் காபி ஆறுவதற்குள் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். நாலு வருஷத்துக்கு ஒரு லீப், நூற்றாண்டு வருஷம் என்றால் 400ஆல் வகுபட வேண்டும், அதனால்தான் 2000 லீப், 2100 லீப் இல்லை. ஆக 400 வருஷத்தில் 97 லீப் வருஷம். 400 × 365 = 1,46,000, அதோடு 97 சேர்த்தால் 1,46,097 நாள். இதை ஏழால் வகுங்கள், 20,871 வாரம், மிச்சம் எதுவும் இல்லை. அப்படியென்றால் 400 வருஷம் கழித்துத் தேதியும் கிழமையும் அச்சு அசலாக முதலிலிருந்து தொடங்குகிறது. தேதி, கிழமை சம்பந்தப்பட்ட எந்தச் சேர்க்கையும், அது நடக்கக்கூடியது என்றால், 400 வருஷத்துக்குள் திரும்ப நடந்தே ஆக வேண்டும். 823 வருஷம் காத்திருக்க இந்தக் காலண்டரில் இடமே இல்லை. எனக்கு இந்தக் கணக்கு முதல்முறை புரிந்த அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. இத்தனை சுத்தமாக ஏழால் வகுபடுகிறதே என்ற சந்தோஷம்தான். இதையே தொடர்ந்து எண்ணிப் பார்த்தால் இன்னொன்றும் கிடைக்கும். 400 வருஷத்தில் 4,800 மாதம், அத்தனை பதின்மூன்றாம் தேதிகளில் 688 வெள்ளிக்கிழமையில் விழுகிறது, வேறு எந்தக் கிழமைக்கும் அவ்வளவு இல்லை. வெள்ளைக்காரர்கள் பயப்படுவதற்கென்றே ஒரு தடவை கூடுதலாகக் கொடுத்த மாதிரி.

சரி, இதைச் சொல்ல மட்டும் எழுதவில்லை. போன ஆகஸ்டில் இதே செய்தியை எங்கள் குழுவில் முதலில் போட்டவர் என் சம்பந்தி. மதுரையில் இருக்கிறார், நல்ல மனிதர். நான் என்ன செய்தேன், உடனே "தப்பு" என்று ஆரம்பித்து எட்டு வரியில் மேலே சொன்ன கணக்கு முழுவதையும் போட்டுவிட்டேன், 41 பேர் இருக்கிற இடத்தில். அவர் ஒன்றும் பதில் சொல்லவில்லை. காலை வணக்கம் ரோஜாப்பூவும் நின்றுபோனது. இரண்டு வாரம் ஒரு சத்தமும் இல்லை. "பொண்ணு கொடுத்த இடத்துல போய் கணக்கு வாத்தியார் வேலை பார்த்தீங்களாக்கும்" என்று வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன், அது நியாயம்தான்.

அதைச் சரி செய்தது பேத்தி. ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். எனக்குப் பரிந்து பேசவில்லை, அவருக்கும் பேசவில்லை. "மதுரைத் தாத்தா, இதுக்கு முன்னாடி எப்ப வந்ததுன்னு கண்டுபிடிக்கலாமா, உங்க வீட்டுல பழைய காலண்டர் இருக்கா" என்று கேட்டாள். நம் வீடுகளில் பழைய காலண்டரை யார் தூக்கிப் போடுகிறார்கள், சாமி படம் இருக்கிறதே, புதுசை அதன் மேலேயே மாட்டுவோம். மனிதர் ஆணியிலிருந்து எல்லாவற்றையும் இறக்கி, 2024 மார்ச்சைப் போட்டோ எடுத்து அனுப்பினார். அரை மணி நேரத்தில் 2023 டிசம்பர். அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. ராத்திரி பத்தரை மணிக்கு "சம்பந்தி, 2018ல காணோமே, நான் விட்டுட்டேனா இல்ல வரலையா" என்று எனக்கே போன் போட்டார். எட்டு வரியில் நான் சொன்னது அவருக்குத் தேவைப்படவே இல்லை, ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது.

அதிலிருந்து குழுவில் சாயங்காலம் ஆனால் ஏதாவது ஒன்று ஓடுகிறது. 23 பேர் இருக்கும் இடத்தில் இரண்டு பேருக்காவது ஒரே பிறந்தநாள் வர சரிபாதிக்கும் கொஞ்சம் கூடுதலாகவே வாய்ப்பு உண்டு என்று மைத்துனர் மகன் போட்டான், ஒருவரும் நம்பவில்லை. வருஷத்துக்கு 365 நாள், 23 பேர் எப்படிப் போதும் என்று சண்டை. 23 பேரில் எத்தனை ஜோடி என்று எண்ணு என்றான், 253. ஜோடியை எண்ண வேண்டும், ஆளை எண்ணக் கூடாது என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது. எங்கள் 41 பேருக்கு நூற்றுக்குத் தொண்ணூறு வாய்ப்பாம். எண்ணிப் பார்த்தால் மூன்று ஜோடி அகப்பட்டது. ஆனால் அதில் ஒரு சிக்கல், எங்கள் வயதுக்காரர்களில் நிறையப் பேருக்குப் பிறந்த தேதி என்பது பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று வாத்தியார் குத்துமதிப்பாகப் போட்டது, ஜூன் பள்ளி திறக்கும்போது வயது சரியாக வர வேண்டுமென்று பாதிப் பேர் மே மாதத்துக்காரர்கள். அந்த மூன்றில் இரண்டு ஜோடி அந்த வகை. கணக்குக்காரர்கள் இதையெல்லாம் சேர்த்துக்கொள்வார்களா தெரியவில்லை.

ஆண்டுதோறும் திரும்பி வரும் வேறு சிலவற்றையும் இப்படிப் பிரித்துப் பார்த்தோம். உங்கள் வயதையும் பிறந்த ஆண்டையும் கூட்டுங்கள், உலகத்தில் எல்லோருக்கும் 2026தான் வரும், ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறை என்பது. இதற்கு நான் விளக்கம் எழுதப் போவதில்லை. ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய்க் கிரகம் நிலா அளவு பெரிதாகத் தெரியும் என்பது இன்னொன்று. இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதனால் இது பாவம். 2003 ஆகஸ்ட் 27 அன்று செவ்வாய் நிஜமாகவே ஏறக்குறைய 60,000 ஆண்டுகளில் இல்லாத நெருக்கத்துக்கு வந்தது. நெருக்கம் என்றால் சுமார் 5 கோடியே 58 லட்சம் கிலோமீட்டர். 75 மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கியில் பார்த்தால் வெறும் கண்ணுக்கு நிலா தெரிகிற அளவு தெரியும் என்றுதான் அப்போது எழுதியிருந்தார்கள். தொலைநோக்கி வழியில் எங்கோ விழுந்துவிட்டது, வருஷமும் விழுந்துவிட்டது, மிச்சம் மட்டும் ஒவ்வொரு ஆகஸ்டும் வருகிறது. செவ்வாய் குறுக்களவில் நிலாவைப் போல இரண்டு மடங்கு. ஆக நிலா அளவு தெரிய வேண்டுமென்றால் நிலாவைப் போல இரண்டு மடங்கு தூரத்தில், ஏழரை லட்சம் கிலோமீட்டரில் வந்து நிற்க வேண்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது அபீலியன், அதாவது பூமி சூரியனை விட்டு மிகத் தள்ளி இருக்கும் நாளைப் பற்றிய ஃபார்வர்ட். "நாளை காலை 5.27 மணி முதல் பூமி சூரியனை விட்டு வெகு தூரம் போகிறது, 9 கோடி கிலோமீட்டர் 15 கோடியே 20 லட்சம் ஆகிவிடும், ஆகஸ்ட் வரை குளிர், சளி, உடம்பு வலி, ஜாக்கிரதை." எங்கள் அத்தை இதைப் படித்துவிட்டு ஆனி மாதத்து வெயிலில் ஸ்வெட்டர் எடுத்து வைத்தார்கள்.

இதில் 15 கோடியே 20 லட்சம் என்பது சரி. ஜூலை முதல் வாரத்தில் பூமி சூரியனிலிருந்து அவ்வளவு தூரத்தில்தான் இருக்கும். 9 கோடிதான் புளுகு. மிக அருகில் வரும்போதே 14 கோடியே 71 லட்சம். இரண்டுக்கும் வித்தியாசம் 50 லட்சம் கிலோமீட்டர், நூற்றுக்கு மூன்று பங்கு. சரி, அந்த மிக அருகில் வருவது எப்போது? ஜனவரி முதல் வாரம். அதாவது மார்கழி! பல் கிட்டிக்கிற பனியில் நாம் கோலம் போடுகிறோமே, அன்றைக்குத்தான் சூரியனுக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறோம். குளிருக்கும் வெயிலுக்கும் காரணம் பூமி இருபத்து மூன்றரை பாகை சாய்ந்திருப்பது, தூரம் கணக்கிலேயே வராது.

இங்கே என் சொந்தக் கதை ஒன்று. வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம், தினசரித் தாள் புரூஃபில் மார்கழிக்கு 29 நாள் வர வேண்டிய இடத்தில் 30 என்று விழுந்திருந்தது, நான் பார்க்காமல் விட்டுவிட்டேன். மார்கழி ஒரு நாள் நீண்டால் தை ஒரு நாள் தள்ளும், தை ஒன்று தள்ளினால் பொங்கலே தள்ளும். ஃபோர்மேன்தான் பிளேட் போட்ட பிறகு கண்டுபிடித்தார். முதலாளி பேசிய பேச்சை எழுத முடியாது. நான் ரோஷத்தோடு கேட்டேன், அது ஏன் மார்கழிக்கு மட்டும் 29, ஆனிக்கு 32 வரை போகிறதே, எவன் வைத்த கணக்கு என்று. பஞ்சாங்கம் எழுதித் தருபவர் சிரித்துவிட்டு, "தனுசு ராசியை சூரியன் சீக்கிரம் தாண்டிடுவார் தம்பி, மிதுனத்துல மெதுவாப் போவார்" என்றார். எனக்கு அது பதிலாகவே படவில்லை.

முப்பது வருஷம் கழித்துப் பேத்தி பாடம் படிக்கையில் கெப்ளர் விதி என்று சத்தமாக வாசித்தாள், கோள் சூரியனுக்கு அருகில் வரும்போது வேகமாக ஓடும், தள்ளிப் போகும்போது மெதுவாகப் போகும் என்று. ஒரு நிமிஷம் எனக்குக் கை கால் ஓடவில்லை. ஜனவரியில் பூமி வினாடிக்கு 30.3 கிலோமீட்டர், ஜூலையில் 29.3. மார்கழி குட்டை மாதம், ஆனி நெட்டை மாதம், காரணம் அதுதான். நம் மாதம் என்பது சூரியன் ஒரு ராசியைத் தாண்டும் நேரம், பூமி வேகமாக ஓடினால் சூரியன் ராசியைச் சீக்கிரம் தாண்டிய மாதிரி தெரியும். பஞ்சாங்கக்காரர் எனக்குச் சொன்ன பதில் முழுக்கச் சரி, எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை. சந்தேகம் இருந்தால் காலண்டரை எடுத்து நாள் எண்ணுங்கள், மார்ச்சில் பகலும் இரவும் சமமாகும் நாளிலிருந்து செப்டம்பரில் சமமாகும் நாள் வரை சுமார் 186, அங்கிருந்து அடுத்த மார்ச்சுக்கு 179தான். ஏழு நாள் வித்தியாசம் நம் வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கிறது, நாம் அதில் பால் கணக்கு எழுதுகிறோம்.

ஆசிரியர் அவர்களே, துணுக்குகளை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவே இல்லை. தலையங்கத்தைவிட அதைத்தான் முதலில் படிக்கிறேன், எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான். கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு துணுக்குக்கும் கீழே, வாசகர் வீட்டிலிருந்தபடியே அதை எப்படிச் சரிபார்ப்பது என்று ஒரு வரி போடுங்கள். அந்த வரியை எழுத உட்கார்ந்தாலே புளுகெல்லாம் உங்கள் மேஜையிலேயே நின்றுவிடும், ஏனென்றால் 823 வருஷம் யாரும் உட்கார்ந்து சரிபார்க்க முடியாது, அதற்காகத்தானே அந்த எண்ணையே போடுகிறார்கள்.

இடம் காலியாக இருக்கிறது, என்ன போடுவது என்று திகைத்தால் ஒன்று தருகிறேன். நாசிக் பக்கம் தேவ்லாலியில் கப்ரேகர் என்று ஒரு பள்ளி ஆசிரியர் 1949இல் கண்டுபிடித்தது. ஏதாவது நாலு இலக்க எண், நாலும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது. இலக்கங்களை இறங்கு வரிசையில் எழுதி, அதிலிருந்து ஏறு வரிசையில் எழுதியதைக் கழியுங்கள். வந்த விடைக்கும் அதையே செய்யுங்கள். மூன்று இலக்கமாகக் குறைந்தால் முன்னால் ஒரு சைபர் போட்டுக்கொள்ளுங்கள். அதிகபட்சம் ஏழு தடவைக்குள் 6174 வந்து நிற்கும், அதற்கு மேல் நகராது. நம் ராமானுஜன் பேரோடு ஒட்டிக்கொண்ட 1729ஐ எடுத்துக்கொள்ளுங்கள், 9721 கழித்தல் 1279, 8442. மிச்சத்தை வாசகர்களே போடட்டும், அந்த எண் முழுசாக ஏழு தடவையையும் எடுத்துக்கொள்ளும். என் சம்பந்தி இதைக் கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் போட்டுப் போட்டோ அனுப்பியிருக்கிறார், ஐந்தாவது படியில் கழித்தலில் ஒரு தப்பு. நான் சொல்லவில்லை.

கடைசியாக ஒரு தகவல். 2027 ஜனவரி 1 வெள்ளிக்கிழமை, அக்டோபர் 1உம் வெள்ளிக்கிழமை. ஆக அடுத்த வருஷம் அந்தப் பெட்டிச் செய்தி உங்கள் அலுவலகத்துக்கு இரண்டு தடவை வரும். ஆடிப்பெருக்கு அன்று எங்கள் ஊரில் 2027 காலண்டர் ஆல்பம் வெளியிடுவார்கள், வேண்டுமானால் உங்கள் மேஜைக்கு ஒன்று அனுப்பி வைக்கிறேன், தபால் செலவு என்னுடையது.

இப்படிக்கு,
பழைய புரூஃப் ரீடர்,
சிவகாசி